இல்லினாய்ஸ் கவர்னர் ஆல்ட்கெல்ட்

சிகாகோ என்னும் பெயரைக் கேட்டவுடனே தமிழ் மக்களின் நினைவுக்கு வருவது, 1893ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 11ஆம் தேதி அந்நகரில் கூடிய சர்வமத மகாசபையும், அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை அன்பர்கள் திரட்டிக் கொடுத்த பொருளைக் கொண்டு கப்பலேறிச் சென்ற விவேகானந்த சுவாமிகள் அங்கே நிகழ்த்திய பிரசங்கமுமே ஆகும். அந்த மகாசபை கூடுவதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்பு, உலகக் கண்காட்சியைக் காண வந்த ஜனத்திரளால் சிகாகோ நிரம்பியிருந்த நாட்களில், அந்நகரம் அடங்கிய இல்லினாய்ஸ் ராஜ்யத்தின் கவர்னர் மூன்று கைதிகளை விடுதலை செய்யும் பத்திரங்களில் கையெழுத்திட்டார். ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் என்னும் அந்தக் கவர்னரை அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அன்று முதல் அவர் இறக்கும் வரையில் நிந்தித்த நிந்தைக்கு எல்லை இல்லை. அவரோ தாம் செய்ததற்காக ஒரு நாளும் வருந்தவில்லை. ஓர் எழுத்தையும் திருத்திக்கொள்ளவில்லை. அவருடைய சரித்திரம், அதிகாரம் என்பது எதற்காக ஒருவர் கையில் ஒப்புவிக்கப்படுகிறது என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய சரித்திரமாகும்.

அமெரிக்க ராஜ்யங்களின் கவர்னர் பதவி நம் நாட்டுக் கவர்னர் பதவியைப் போன்றதன்று. இங்கே கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார். அவர் மந்திரி சபையின் ஆலோசனையை ஏற்று நடப்பவர். அங்கேயோ கவர்னர் ஜனங்களின் வாக்கினாலே நேராகத் தெரிந்தெடுக்கப்படுகிறார். ராஜ்யத்தின் நிர்வாகத் தலைமையும், அதன் சொந்தப் படையும், சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைத் திருப்பியனுப்பும் உரிமையும், இல்லினாய்ஸ் போன்ற ராஜ்யங்களில் தண்டனை பெற்றவரை மன்னிக்கும் உரிமையும் அவரிடத்தில் இருக்கின்றன. ஆகவே அங்கே ஒரு கவர்னர் செய்யும் நன்மைக்கும் தீமைக்கும் அவரே பொறுப்பாளி. மறுதேர்தல் என்னும் துலாக்கோலும் அவர் எதிரே எப்பொழுதும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆல்ட்கெல்ட் பிறந்தது ஜெர்மனி தேசத்தில், நாசௌ பிரதேசத்தைச் சேர்ந்த நீடர்செல்ட்டர்ஸ் என்னும் கிராமத்தில். பிறந்த நாள் 1847ஆம் வருஷம் டிசம்பர் 30. மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து, ஒஹாயோ ராஜ்யத்தில் மான்ஸ்ஃபீல்டு நகருக்கு அருகில் குடியேறினர். தந்தை வண்டி செய்யும் தச்சர், பிறகு விவசாயி. கடும் உழைப்பையன்றி வேறெதையும் மதிக்காத அவர், மூத்த மகன் பள்ளிக்கூடம் செல்வதைக் காலத்தை வீணாக்குவதாகவே கருதினார். வீட்டில் ஜெர்மன் பாஷையே பேசி வளர்ந்த பையன், ஏர் பிடித்த நேரம் போக மிஞ்சிய நேரத்தில் இங்கிலீஷ் கற்றான். உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில், 1864ஆம் வருஷம், பதினாறே வயதில் வடதேசத்துப் படையில் சேர்ந்தான். அங்கே பிடித்த விஷ ஜுரம் ஆயுள் முழுவதும் அவனை விட்டு முற்றிலும் நீங்கவில்லை.

யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர் சில காலம் படித்துச் சில காலம் உபாத்தியாயராக இருந்தார். எம்மா ஃபோர்டு என்னும் பெண்ணை மணக்க விரும்பினார். ஏழைக் குடியானவனின் மகனுக்குப் பெண் கொடுக்க அவளுடைய தந்தை இசையவில்லை. 1869இல் கால்நடையாகவே மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்டவர், ஆர்க்கன்சாஸ் பக்கத்தில் ரெயில் பாதை போடும் கூலியாட்களோடு மண் சுமந்து, மறுபடியும் ஜுரத்தில் விழுந்து, எலும்பும் தோலுமாக மிஸ்ஸௌரி ராஜ்யத்தின் ஸவானா என்னும் சிற்றூரை வந்தடைந்தார். அங்கே பகலில் பள்ளிக்கூடத்தில் போதித்து, இரவில் சட்டம் பயின்று, 1871இல் வக்கீலானார். 1874இல் அந்த மாவட்டத்தின் அரசாங்க வக்கீலாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியையும் அடுத்த வருஷமே துறந்துவிட்டு, தமக்குத் தெரிந்தவர் எவரும் இல்லாத சிகாகோ நகருக்குச் சென்றார். இரண்டு வருஷங்களுக்குப் பிறகு எம்மா ஃபோர்டையே மணந்தார். வளர்ந்துகொண்டிருந்த நகரத்தில் மனைகளை வாங்கி விற்றும் கட்டிடங்கள் எழுப்பியும் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவர் கட்டிய பதினாறு மாடிகளையுடைய யூனிட்டி கட்டிடம் அக்காலத்தில் நகரத்தின் பெருமைகளுள் ஒன்று. கூலியின் துயரத்தையும் முதலாளியின் சௌகரியத்தையும் ஒருங்கே அனுபவித்தறிந்த இந்த அபூர்வ அனுபவமே பிற்காலத்தில் அவருடைய தீர்ப்புகளுக்கு உரம் அளித்தது.

செல்வம் சேர்ந்த பிறகு செல்வர்களின் கருத்துகளையும் சேர்த்துக்கொள்வது உலக வழக்கம். ஆல்ட்கெல்ட் அந்த வழியிற் செல்லவில்லை. 1884ஆம் வருஷம் தண்டனை முறையைப் பற்றி அவர் ஒரு சிறு புத்தகம் எழுதி, நீதிபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பிரதிகளை அனுப்பினார். சிறைச்சாலைகளை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகளே என்பதையும், அபராதம் கட்டப் பணமில்லாத காரணத்தாலேயே ஆயிரக்கணக்கானோர் அடைபடுகிறார்கள் என்பதையும், முதல் முறை சிறைக்குச் செல்பவன் சீர்திருந்தாமல் குற்றத்தில் ஊறியவனாக வெளிவருகிறான் என்பதையும் அதில் அவர் எடுத்துக் காட்டினார். ஒஹாயோவில் ஒரு சிற்றூரில் வக்கீலாயிருந்த கிளாரன்ஸ் டாரோ என்னும் இளைஞர் அந்தப் புத்தகத்தைப் படித்து மனம் மாறி, ஆசிரியரைத் தேடிச் சிகாகோவுக்கே வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பிரசித்தி பெற்ற வக்கீலாக விளங்கியவர் அவரே. 1886இல் ஆல்ட்கெல்ட் சிகாகோவிலுள்ள மேல் கோர்ட்டு நீதிபதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டு ஐந்து வருஷம் அப்பதவியில் இருந்தார். அதே வருஷத்தில்தான் அவருடைய வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்த அந்தச் சம்பவம், அவருக்குச் சம்பந்தமில்லாமலே, அந்நகரின் ஒரு தெருவில் நிகழ்ந்தது.

எட்டு மணி நேர வேலை வேண்டுமென்று 1886 மே மாதம் முதல் தேதி அமெரிக்கத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கினர்; சிகாகோவில் மட்டும் பல்லாயிரம் பேர் ஆலைகளை விட்டு வெளியே வந்தனர். மூன்றாம் தேதி, அறுவடை யந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் போலீஸார் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர். அதைக் கண்டிப்பதற்காக மறுநாள் இரவு ஹேமார்க்கெட் என்னும் இடத்தில் ஒரு கூட்டம் கூடியது. நகரத்தின் மேயர் தாமே கூட்டத்துக்கு வந்து, சற்று நேரம் கேட்டிருந்து, அமைதியாகவே நடக்கிறது என்று போலீஸ் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சென்றார். மழை வரும் அறிகுறி கண்டு ஜனங்களும் கலையத் தொடங்கிவிட்டனர். கடைசிப் பேச்சாளர் பேசி முடிக்கும் தறுவாயில், ஏறத்தாழ 180 போலீஸார் அணிவகுத்து வந்து கூட்டம் கலையும்படி உத்தரவிட்டார்கள். அந்தக் கணத்தில் எங்கிருந்தோ ஒரு வெடிகுண்டு வந்து அவர்கள் நடுவே விழுந்தது. குண்டினாலும், அதைத் தொடர்ந்து இருட்டில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தினாலும் போலீஸார் ஏழு பேரும், பொதுஜனங்களில் சிலரும் உயிரிழந்தனர்.

குண்டை எறிந்தவன் யார் என்பது அன்றும் தெரியவில்லை. இன்று வரையிலும் தெரியவில்லை. அராஜகக் கொள்கையைப் பேசியும் எழுதியும் வந்த எண்மர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் குண்டு விழுந்த நேரத்தில் அந்த இடத்திலேயே இல்லை. ஜூன் 21ஆம் தேதி நீதிபதி ஜோசப் கேரியின் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. பன்னிரண்டு ஜூரிகளைப் பொறுக்கி எடுப்பதற்காக 981 பேரை விசாரித்தனர். ஆகஸ்ட் 20ஆம் தேதி, எழுவருக்கு மரண தண்டனையும் ஆஸ்கர் நீபி என்பவருக்குப் பதினைந்து வருஷச் சிறையும் என்று தீர்ப்பாயிற்று. அப்பொழுது கவர்னராயிருந்த ஓகல்ஸ்பி, மன்னிப்பு வேண்டிய சாமுவேல் ஃபீல்டன், மைக்கேல் ஷ்வாப் ஆகிய இருவரின் தண்டனையை மட்டும் ஆயுட் சிறையாக மாற்றினார். லூயி லிங்க் என்னும் வாலிபன் சிறையிலேயே தன் உயிரைப் போக்கிக்கொண்டான். ஆகஸ்ட் ஸ்பீஸ், ஆல்பர்ட் பார்சன்ஸ், அடால்ஃப் ஃபிஷர், ஜார்ஜ் எங்கல் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிய மூவரும் ஜோலியட் நகரத்துச் சிறையில் அடைபட்டுக் கிடந்தனர்.

1892ஆம் வருஷத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்று ஆல்ட்கெல்ட் கவர்னரானார். 1857க்குப் பிறகு அந்தக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் இல்லினாய்ஸில் கவர்னராக வந்தது அதுவே முதல் தடவை. அந்நிய தேசத்தில் பிறந்தவர் அப்பதவியை அடைந்ததும் அதுவே முதல் தடவை. 1893 ஜனவரியில் பதவியேற்ற தினத்தில் பழைய ஜுரம் திரும்பவும் பற்றிக்கொண்டிருந்தது. முகம் வெளிறி, நிற்கவும் பலமின்றி, பிரசங்கத்தின் தொடக்கத்தை மட்டும் தாம் வாசித்துவிட்டு, மிகுதியை வேறொருவர் வாசிக்கக் கேட்டு அமர்ந்திருந்தார். இவர் வருஷ முடிவு வரை இருப்பாரா என்றுகூடப் பார்த்தவர்கள் ஐயுற்றனர்.

அவர் பதவியேற்றதும், சிறையிலிருந்த மூவரையும் விடுவிக்க வேண்டுமென்ற வேண்டுகோள் வலுத்தது. வேண்டியவர்கள் தொழிலாளர் மட்டும் அல்லர்; நகரத்தின் வணிகர்களும், பாங்கு முதலாளிகளும், வக்கீல்களும், நீதிபதிகளும் ஆயிரக்கணக்கில் அந்த விஞ்ஞாபனத்தில் கையெழுத்திட்டிருந்தனர். ஆனால் அவர்களிற் பலருடைய வேண்டுகோளின் தன்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கைதிகள் குற்றவாளிகள்தாம்; ஆயினும் ஏழு வருஷம் அனுபவித்தது போதும்; கோபம் தணிந்த காலத்தில் கருணை காட்டுவது பெருந்தன்மை என்பதே அவர்கள் சொன்னது. ஆல்ட்கெல்ட் அந்தச் சுலபமான வழியை ஏற்றிருந்தால், நான்கு வரிகளில் ஓர் உத்தரவு எழுதி, மூவரையும் வெளியே விட்டு, தயாளு என்ற பெயரையும் சம்பாதித்துக்கொண்டிருக்கலாம். ஒரு பத்திரிகையும் அவரை நிந்தித்திராது. அவர் அப்படிச் செய்யவில்லை. வழக்கின் தஸ்தாவேஜுகள் அனைத்தையும் வரவழைத்து, நீதிபதியாயிருந்த பழக்கத்தோடு மாதக்கணக்கில் அவற்றை வரி வரியாகப் படித்தார். விரைவில் முடிவு சொல்லும்படி டாரோ முதலிய நண்பர்கள் நெருக்கியபோதும் அவர் அசையவில்லை.

படித்து முடித்தபின் அவர் எழுதிய நீண்ட விளக்கம், கருணை என்னும் பேச்சையே முதலில் ஒதுக்கி வைக்கிறது. இவர்கள் உண்மையில் குற்றவாளிகளாயிருந்து, முறையான விசாரணையும் நடந்திருக்குமானால், தாம் தலையிடுவதற்குக் காரணமே இல்லை என்பது அவர் நிலை. பிறகு ஒவ்வொன்றாகக் காரணங்கள் வருகின்றன. ஜூரிகளைத் திரட்டும் பொறுப்பு ஒரு விசேஷ ஊழியனிடம் விடப்பட்டது. அவனோ, இவர்கள் தூக்கில் தொங்குவது நிச்சயம், அதற்கேற்ற ஆட்களையே தான் அழைத்து வருவதாக வெளிப்படையாகச் சொல்லியவன். ஜூரிகளில் பலர், கைதிகளைக் குற்றவாளிகளென்று முன்னமே தீர்மானித்துவிட்டதாகத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவர்கள். குண்டெறிந்தவன் யாரென்றே தெரியாதபோது, அவன் இந்த எண்மரின் பேச்சைக் கேட்டோ எழுத்தைப் படித்தோதான் எறிந்தான் என்பதற்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? நீபியின் மீது வழக்கே இல்லையென்று அரசாங்க வக்கீல் தாமே விசாரணையின்போது சொல்லியிருக்கிறார். நீதிபதியோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பக்கமே சாய்ந்து நின்றார். இவ்வளவும் கூறியதோடு, சிகாகோ போலீஸார் பல வருஷங்களாகத் தொழிலாளர் கூட்டங்களில் நடத்திய அட்டூழியங்களையும் அவர் விவரித்து, அவற்றால் மனம் கொதித்த எவனோ ஒருவன் பழி தீர்த்துக்கொண்டதாகவே இதனைக் கொள்வது பொருந்தும் என்று முடிவு கட்டினார்.

1893 ஜூன் 26ஆம் தேதி காலை, ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ராஜ்ய மாளிகையில், பிராண்டு விட்லக் என்னும் இளம் குமாஸ்தா இரகசியமாக அழைக்கப்பட்டு, மூன்று விடுதலைப் பத்திரங்களையும் தம் கையால் எழுதினார். பின்னாளில் டொலீடோ நகரத்தின் மேயராகவும் பெல்ஜிய தேசத்துக்கு அமெரிக்கத் தூதராகவும் உயர்ந்த அவர், அன்றைய காட்சியை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். பத்திரங்களைச் சிறைக்கு எடுத்துச் செல்ல வந்திருந்தவர் டிரையர் என்னும் பாங்கு முதலாளி. ஏழு வருஷங்களுக்கு முன், எண்மர் மீதும் வழக்குத் தொடரலாம் என்று முடிவு செய்த பெரிய ஜூரி சபைக்குத் தலைவராயிருந்தவர் அவரே. செய்தது தவறென்று உணர்ந்து, அது முதல் மன சமாதானம் இன்றித் தவித்தவர். கவர்னர் பத்திரங்களை நீட்டியதும் அவருக்குப் பேச்சு எழவில்லை, கண்ணீர் வழிந்தது, நன்றி சொல்லத் தொடங்கித் தடுமாறினார். ஆல்ட்கெல்ட் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, ஜோலியட் செல்லும் ரெயிலுக்கு நேரமாகிறது, உடனே புறப்படுங்கள் என்று மட்டும் சொன்னார். கைதிகள் ஏழு வருஷம் உள்ளே இருந்துவிட்டார்கள். இன்னும் ஒரு ரெயில் தவறினால் இன்னும் சில மணி நேரம் அவர்கள் இருக்க வேண்டியிருக்கும் என்பதே அவருடைய கவலை.

மறுநாள் காலை, தெருவில் குதிரை மேல் வந்த கவர்னரை விட்லக் சந்தித்தார். இனிப் புயல் அடிக்குமே என்று அவர் சொல்ல, அதை எதிர்பார்த்தே இருந்ததாகவும், செய்தது நியாயம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லையென்றும் ஆல்ட்கெல்ட் அமைதியாகப் பதிலளித்தார். புயல் என்பது மிகையன்று. அராஜகவாதி என்றும், அந்நியன் என்றும், அமெரிக்க ரத்தம் ஒரு துளியும் இல்லாதவன் என்றும் பத்திரிகைகள் எழுதின. கொலைகாரர்களின் கூட்டாளியாக அவரைச் சித்திரங்களில் தீட்டின. விடுதலையை ஆதரித்துக் கையெழுத்திட்ட பெரிய மனிதர்களில் பலர் வாய் திறக்கவில்லை. நீதிபதி கேரியை அவ்வளவு கடுமையாகத் தாக்கியிருக்க வேண்டாம் என்று அவருடைய நண்பர்களே சிலர் கருதினர். இந்தக் கடைசி அபிப்பிராயத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த நீதிபதி, நகரம் முழுவதும் பீதியால் வெறி கொண்டிருந்த காலத்தில் அந்த வெறிக்கு ஆட்பட்டவர்களில் ஒருவர். ஆயினும், நால்வர் உயிர் போனபின், மற்ற மூவருக்குக் கருணை காட்டி அனுப்பிவிட்டால், தூக்கிலிட்டது சரியென்றே சரித்திரத்தில் நின்றுவிடும். இறந்தவர்களுக்கு அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நடந்த தவறு இன்னதென்று ராஜ்யத்தின் பெயராலே எழுத்தில் பதித்து வைப்பது. அதை அரைகுறையாகச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

அவருடைய ஆட்சி இந்த ஒரு செயலோடு அடங்கியதன்று. அதே 1893ஆம் வருஷத்தில் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலை வேலையில் வைப்பதைத் தடுத்து, பெண்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. அதை அமல் நடத்தும் தலைமை இன்ஸ்பெக்டராக ஃபிளாரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணியை அவர் நியமித்தார். கவர்னரைத் தெரிந்தெடுக்கும் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க முடியாத அந்த நாட்களில் இது துணிகரமான செயல். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் சிகாகோவின் ஏழைகள் நடுவே நடத்திவந்த ஹல் இல்லத்தில் வசித்த கெல்லி, துணிகள் தைக்கும் இருட்டறைகளிலும், இரவெல்லாம் சிறுவர்கள் சூடு தணியாத புட்டிகளைச் சுமந்து ஓடும் கண்ணாடித் தொழிற்சாலைகளிலும் நுழைந்து கணக்கெடுத்தார். சட்டத்தை மீறியவர்கள் மீது வழக்குத் தொடர அரசாங்க வக்கீல் மனம் வைக்காததைக் கண்டு, தாமே சட்டக் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றார். 1895இல் ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு எட்டு மணி நேர விதியைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. ஆயினும் குழந்தைகளை யந்திரத்திலிருந்து மீட்கும் பணியை ராஜ்யமே தன் கடமையாக ஏற்றது என்ற முன்மாதிரி அங்கே ஏற்பட்டுவிட்டது. இல்லினாய்ஸ் சர்வகலாசாலைக்கு அவர் அளித்த பொருளுதவியும், 1895இல் நிறுவிய இரண்டு புதிய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளும், சிகாகோவின் டிராம் பாதைகளை நெடுங்காலத்துக்கு ஒரே முதலாளியின் கையில் ஒப்படைக்கும் மசோதாக்களை அவர் திருப்பியனுப்பியதும் தனித்தனியே எழுதத் தக்கவை.

1894ஆம் வருஷக் கோடையில் இரண்டாவது சோதனை வந்தது. சிகாகோவுக்குத் தெற்கே, தூங்கும் வசதியுள்ள ரெயில் வண்டிகளைக் கட்டும் புல்மன் கம்பெனி, தன் தொழிலாளர்களுக்கென்றே ஒரு நகரம் அமைத்திருந்தது. வியாபாரம் குன்றியபோது கூலியைக் குறைத்த கம்பெனி, அவர்கள் குடியிருந்த வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கியது, யூஜின் டெப்ஸ் தலைமையிலிருந்த ரெயில்வே தொழிலாளர் சங்கம், புல்மன் வண்டிகள் கோக்கப்பட்ட ரெயில்களை ஓட்ட மறுத்தது. ரெயில்வே கம்பெனிகளுக்கு நெடுங்காலம் வக்கீலாயிருந்த ரிச்சர்டு ஓல்னி அப்பொழுது தேசத்தின் அட்டர்னி ஜெனரல். அவருடைய ஆலோசனையின்படி கோர்ட்டுத் தடை உத்தரவு பெறப்பட்டது; ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்டு மத்திய அரசாங்கத்தின் ராணுவத்தைச் சிகாகோவுக்கு அனுப்பினார். கவர்னரைக் கேட்கவில்லை, சட்டசபையும் வேண்டவில்லை.

ஆல்ட்கெல்ட் ஜூலை 5ஆம் தேதி ஜனாதிபதிக்கு நீண்ட தந்தி கொடுத்தார். கலகம் நேர்ந்த இடங்களிலெல்லாம், கேட்ட மாத்திரத்தில் ராஜ்யப் படையைத் தாம் அனுப்பியே வந்திருப்பதையும், சிகாகோவிலும் உதவி கோரப்பட்டால் போதிய படை சித்தமாயிருப்பதையும் கூறி, உள்ளூர் அதிகாரத்தைப் புறக்கணித்துவிட்டு ராணுவத்தை நுழைப்பது அரசியல் சட்டத்தின் ஆதாரத்தையே குலைப்பதாகும் என்று ஆட்சேபித்தார். தபால் போக்குவரத்தையும் ராஜ்யங்களுக்கிடையேயான வாணிகத்தையும் காப்பது மத்திய அரசாங்கத்தின் கடமை என்று ஜனாதிபதி பதிலளித்தார். மறுநாள் கவர்னர் மீண்டும் மறுப்பு எழுதினார். பிற்பாடு தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டு மத்திய அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. கலகக்காரர்களுக்குக் கவர்னர் துணை நின்றார் என்ற அவதூறுக்கு மட்டும் ஆதாரம் இல்லை. மேயர் உதவி கேட்ட அதே தினத்தில் அவர் தம் படையை அனுப்பினார். வேலைநிறுத்தம் முறிந்தபின், ஆகஸ்ட் மாதத்தில், அவரே புல்மன் நகரத்துக்கு நேரில் சென்றார். வீடு வீடாக நுழைந்து பார்த்து, ஏறத்தாழ 6,000 பேர் உணவின்றித் தவிப்பதையும், அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமாயிருப்பதையும் கண்டு, கம்பெனி முதலாளிக்கு எழுதினார். அங்கிருந்து இரக்கம் பிறவாதிருக்கவே, ராஜ்யத்தின் ஜனங்களிடம் உதவி கோரி வேண்டுகோள் விடுத்தார்.

1896இல் ஜனநாயகக் கட்சியின் மகாநாடு சிகாகோவில் கூடியபோது, தம் கட்சியையே சேர்ந்த ஜனாதிபதி கிளீவ்லண்டின் கொள்கைகளைத் தூக்கியெறிந்து புதிய வேலைத்திட்டம் வகுத்ததில் ஆல்ட்கெல்டின் கையே ஓங்கி நின்றது. வருமான வரி, வெள்ளி நாணயம், கோர்ட்டுத் தடை உத்தரவுகளைக் கொண்டு தொழிலாளரை அடக்கும் முறைக்குக் கண்டனம் ஆகியன அதில் இடம் பெற்றன. அந்நிய தேசத்தில் பிறந்தவர் ஜனாதிபதியாக முடியாது என்ற விதி இல்லாவிடில், கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராக அவர் பெயரே அடிபட்டிருக்கும் என்று கருதியவர் பலர். அபேட்சகரான பிரையனும் தோற்றார். மீண்டும் கவர்னர் பதவிக்கு நின்ற ஆல்ட்கெல்டும், இல்லினாய்ஸில் பிரையனைவிட அதிக வாக்குகள் பெற்றும் தோற்றார். 1897 ஜனவரியில் புதிய கவர்னர் பதவியேற்ற வைபவத்தில், விடைபெறும் கவர்னர் சில வார்த்தைகள் பேசும் நெடுநாள் வழக்கம் அவருக்கு மறுக்கப்பட்டது. ஃபிளாரன்ஸ் கெல்லியும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு, கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் ஊழியம் செய்த ஒருவர் வந்தார்.

பதவியோடு செல்வமும் போயிற்று. 1893இல் தொடங்கிய வியாபார மந்தத்தில் யூனிட்டி கட்டிடம் அவர் கையை விட்டு நீங்கியது. சிகாகோ மேயர் பதவிக்கு 1899இல் சுயேச்சையாக நின்று தோற்றார். கடைசியில், ஒரு காலத்தில் தம்மைத் தேடி வந்த டாரோவின் வக்கீல் கம்பெனியிற் கூட்டாளியாகச் சேர்ந்து மீண்டும் கோர்ட்டுக்குச் சென்றார். 1902 மார்ச் 11ஆம் தேதி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோடு போராடிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க போயர்களை ஆதரித்து ஒரு பொதுக்கூட்டத்தில் பேசி முடித்தபின் மயங்கி விழுந்து, மறுநாள் ஐம்பத்து நான்காம் வயதில் காலமானார். அந்தக் கூட்டம் நடந்த ஊர், மூவரும் சிறையிருந்த அதே ஜோலியட். அவருடைய சடலம் சிகாகோ பொது நூல்நிலையத்தில் வைக்கப்பட்டபோது, தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மணிக்கணக்காக வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். ஜேன் ஆடம்ஸும் டாரோவும் இறுதிச் சடங்கிற் பேசினர். 1915இல் சிகாகோவின் லிங்கன் பூங்காவில், கட்ஸன் போர்க்லம் என்னும் புகழ்பெற்ற சிற்பி வடித்த அவருடைய சிலை நிறுவப்பட்டது.

ஹேமார்க்கெட் சம்பவத்தின் நினைவோடு பிணைந்த மே தினத்தை, 1923ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையில் முதன்முதலாகக் கொண்டாடியவர் தோழர் சிங்காரவேலர். அது முதல் நம் தொழிலாளரும் ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடி, தூக்கிலேறிய நால்வரை நினைவு கூர்ந்து வருகிறார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்பதை, வீதியில் நின்றல்ல, அவர்களைத் தூக்கிலிட்ட அதே ராஜ்யத்தின் பீடத்தில் அமர்ந்து, அதன் முத்திரையை இட்டு உலகுக்குச் சொன்ன இந்த மனிதரையும் அவர்களோடு சேர்த்து நினைப்பது தகும்.

நம் அரசியல் சட்டத்தின் 161ஆவது ஷரத்தும் கவர்னருக்கு மன்னிக்கும் உரிமையை வழங்கியிருக்கிறது. கோர்ட்டுகள் மனிதர்களால் நடத்தப்படுகின்றன. பீதியும் பத்திரிகைக் கூச்சலும் நிறைந்த காலங்களில் அவை தவறுவதுண்டு. அத்தகைய தவறு சட்டத்தின் படிகள் அனைத்தையும் கடந்து வந்துவிட்ட பிறகும், அதைத் திருத்துவதற்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அறிஞர்கள் இவ்வுரிமையை ஏற்படுத்தி வைத்தார்கள். அதைப் பிரயோகிப்பவர், ஆல்ட்கெல்டைப் போல, வழக்கின் ஏடுகளைத் தாமே படித்து, கண்டதைக் காரணத்தோடு எழுதி, அதன் பலனைத் தாமே ஏற்கச் சித்தமாயிருந்தால்தான் அந்தக் கதவு இருப்பதற்குப் பொருள் உண்டு. மறுதேர்தலில் அவர் தோற்றார் என்பது மெய். ஆனால் அவர் எழுதிய காரணங்களை, அன்று அவரை நிந்தித்தவர்களில் பெரும்பாலோர் சாட்சியத்தைக் கொண்டு மறுத்துக் காட்ட முயலவில்லை.